ஒவ்வாத உணவும் வேண்டிய புரதமும்

மனித உடல் தசையையும் குருதியையும் தோலையும் ஆக்கிக்கொள்வதற்கு நாடோறும் புரதத்தை வேண்டி நிற்கின்றது. மாப்பொருள் குறைந்தால் ஓரளவுக்குக் கொழுப்பு அதற்கு ஈடுசெய்யும். கொழுப்புக் குறைந்தால் மாப்பொருள் ஈடுசெய்யும். புரதத்தின் இடத்தை நிரப்ப மற்றொன்றாலும் இயலாது. 1838ஆம் ஆண்டிலே ஒல்லாந்து நாட்டு இரசாயன அறிஞர் முல்டர் இப்பொருளைப் பற்றி எழுதியபோது, 'முதன்மையானது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்த பெயரை அதற்கு வழங்கினார். பெயர் பொருத்தமானதே. ஆயினும், முதன்மையான இப்பொருளே சிலருடைய உடலுக்குப் பகையாகவும் மாறிவிடுகின்றது. பாலும் முட்டையும் மீனும் இறாலும் கச்சானும் கோதுமையும் ஒரு சிலருக்கு நஞ்சுபோல் ஆகின்றனவென்றால், அவற்றிலுள்ள சர்க்கரையோ கொழுப்போ பெரும்பாலும் அதற்குக் காரணமன்று, புரதமே காரணம். ஆதலால், ஒவ்வாமையுடைய ஒருவர் ஓர் உணவை விலக்கும்போது, பெரும்பாலும் புரதம் மிகுந்த உணவையே விலக்க நேருகின்றது. தீங்கைத் தவிர்க்கப் போய், தேவையானதையும் இழந்துவிடும் இந்த இக்கட்டைப் பற்றியதே இன்றைய பேச்சு.

ஒவ்வாமை என்பது வெறும் மன மயக்கம் என்று எண்ணுவோர் இன்றும் உளர். அவர்கள் 1921ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு பரிசோதனையை அறிந்திருத்தல் நன்று. அக்காலத்தில் ஜேர்மனியைச் சேர்ந்திருந்ததும் இப்பொழுது போலந்து நாட்டைச் சேர்ந்ததுமான பிரெசுலாவு நகரத்திலே பிரவுசுனிற்சு, குசுற்னர் என்னும் இரு வைத்தியர் இருந்தனர். இவருள் குசுற்னருக்கு மீன் ஒவ்வாது. உண்டால் உடலெங்கும் தடிப்பெழும். அவருடைய குருதியிலிருந்து பிரித்தெடுத்த நீர்ப்பகுதியில் ஒரு சிறிதளவைப் பிரவுசுனிற்சு தம்முடைய தோலிலே ஏற்றிக்கொண்டார். மறுநாள், அதே இடத்தில் மீன் சத்தை ஏற்றினார். மீனை அச்சமின்றி உண்ணக்கூடிய அவருடைய தோல் அவ்விடத்தில் மட்டும் தடித்துச் சிவந்தது. நண்பரின் குருதியோடு அவருடைய ஒவ்வாமையும் வந்து சேர்ந்துவிட்டது! குருதியில் இருந்த அந்தப் பொருள் யாதென்று அறிய மேலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. 1966, 1967ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஆராய்ந்த இஷிசாகா தம்பதியரும், சுவீடனில் ஆராய்ந்த ஜொஹான்சன், பெனிக் என்போரும் அதைக் கண்டறிந்தனர். இன்று இமியூனோகுளோபுலின் ஈ என வழங்கும் பிறபொருளெதிரியே அது. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை, தீங்கற்ற உணவுப் புரதத்தைப் பகைவனெனத் தவறாக எண்ணி இதனை ஆக்கி வைத்துக்கொள்கின்றது. பின்னர் அவ்வுணவு மீண்டும் உடலினுட் புகும்போது, இஸ்தமைன் முதலிய பொருள்கள் சில நிமிடங்களிலே வெளிப்பட்டுத் தடிப்பையும் வீக்கத்தையும் இளைப்பையும் உண்டாக்குகின்றன.

நோய் மெய்யானது என்பதில் ஐயமில்லை. ஆனால், நம் வீடுகளிலே நோயினும் பார்க்க மருந்து மிகுந்துவிடுகின்றது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒருநாள் மேலெல்லாம் தடிப்பெழுகின்றது. அன்று பிள்ளை முட்டை உண்டதாகத் தாய்க்கு நினைவு, முட்டை நிறுத்தப்படுகின்றது. அடுத்த மாதம் மீண்டும் தடிப்பு. "பிள்ளைக்குக் கிரந்திச் சாமான் ஒன்றும் கொடாதே" என்கிறார் அம்மம்மா. மீனும் இறாலும் நண்டும் போய்விடுகின்றன. பாலினாற் சளி கட்டுமென்று அயலார் சொல்லப் பாலும் நிற்கின்றது. பருப்பு வாய்வு என்று ஏலவே பெயர் வாங்கியது. எஞ்சியது சோறும் சொதியும், மாலையில் இரண்டு விசுக்கோத்தும். தடிப்பு வந்ததற்குக் காரணம் சிறு பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் ஒரு காய்ச்சற் கிருமியாகவும் இருந்திருக்கலாம். உணவோடு தொடர்பில்லாத தடிப்பே பிள்ளைகளிடத்து மிகுதி. ஆனால் அதை ஒருவரும் வைத்தியரிடம் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்துக் கிளினிக்கில் நிறுத்துப் பார்க்கும்போது, பதிவேட்டிலே மேல்நோக்கிச் செல்ல வேண்டிய நிறைக்கோடு படுத்துக் கிடக்கின்றது. உயரமும் பின்தங்குகின்றது. இது எந்த ஓர் ஊருக்கும் தனியுரிமையான கதையன்று. வைத்தியர்களும் குடும்பநல மாதரும் பலகாலும் காண்பது.

புரதம் எவ்வளவு வேண்டும் என்பதை முதலில் அறிந்தால் அச்சம் பாதி குறையும். உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்தவர் ஒருவருக்கு உடல்நிறையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதுமானது. அதாவது 50 கிலோ நிறையுள்ள பெண்ணுக்கு ஏறக்குறைய 42 கிராம். 60 கிலோ நிறையுள்ள ஆணுக்கு 50 கிராம். கருவுற்றவருக்கும் பாலூட்டும் தாய்க்கும் இதனிலும் கூடுதலாக வேண்டும். சிறு பிள்ளைக்குக் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் என்று கொள்ளலாம். 12 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு 12 கிராம். இது மலைக்கத்தக்க அளவன்று. சமைக்காத மைசூர்ப் பருப்பு 25 கிராமில் 6 கிராம் புரதம் உண்டு. மீன் சதை 30 கிராமில் ஏறக்குறைய 6 கிராம் உண்டு. 60 கிராம் அரிசியிலே 4 கிராம் உண்டு. பாலும் முட்டையும் தொடாமலே பிள்ளையின் நாட்கணக்கு நிறைந்து, மிச்சமும் இருக்கின்றது. தாவரப் புரதம் முழுவதும் சமிபாடடையாது என்பதால் அந்த மிச்சம் இருப்பது நல்லதே. ஆனால் ஒன்று: பிள்ளை போதிய சோறும் எண்ணெயும் உண்ணாவிட்டால், உடல் அப்புரதத்தை வளர்ச்சிக்கு வைக்காது, விறகைப்போல் எரித்துவிடும். வயிறு நிறையாத வீட்டிலே புரதக் கணக்குப் பார்ப்பதிற் பயனில்லை.

எதை விலக்குவது, எதை விலக்காதிருப்பது என்னும் வேறுபாட்டிலேதான் வெற்றி தங்கியிருக்கின்றது. கடலுணவு என்று ஒரே பெயரால் வழங்குவதால், இறால் ஒவ்வாதவர் மீனையும் அஞ்சி விட்டுவிடுகிறார். ஒவ்வாமையை விளைக்கும் புரதங்கள் இரண்டிலும் வெவ்வேறானவை. இறாலிலும் நண்டிலும் சிங்கி இறாலிலும் இருப்பது துரோப்போமயோசின் என்னும் தசைப் புரதம். இதனோடு ஒத்தது கணவாயிலும் மட்டியிலும் உண்டு. மீனிலே பகையாவது பாவல்புமின் என்பது. ஆகவே இறாலுக்கு ஒவ்வாமை உடையவருட் பெரும்பாலோர் மீனை நலமாக உண்ணலாம். மீன் ஒவ்வாதவருட் பலர் இறாலை உண்ணலாம். இவ்விரு புரதங்களும் வெப்பத்துக்கு அசையாதவை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். நன்றாக வேகவைத்துவிட்டால் தீங்கு போய்விடும் என்று எண்ணுவது ஆபத்து.

மீனைப் பற்றி மற்றொரு மயக்கமும் உண்டு. சூரை, கும்பளா போன்ற மீன்களை வெயிலில் நெடுநேரம் வைத்துவிட்டாலோ பனிக்கட்டி போதாமல் விட்டாலோ, அவற்றின் தசையிலுள்ள இஸ்திடின் என்னும் அமினோ அமிலத்தைக் கிருமிகள் இஸ்தமைனாக மாற்றிவிடுகின்றன. அம்மீனை உண்டவருக்கு முகம் சிவந்து, தலையிடித்து, மேலெல்லாம் தடிப்பெழும். பார்ப்பதற்கு ஒவ்வாமையே போலிருக்கும். சமைத்தாலும் பொரித்தாலும் அந்த இஸ்தமைன் அழியாது. ஆனால் இது அம்மனிதருடைய உடலின் குற்றமன்று, அந்த மீனின் குற்றம். ஒரே சட்டியில் உண்ட பலருக்கு ஒருங்கே இவ்வாறு நேர்ந்தால், கெட்ட மீனென்றே முதலில் ஐயுற வேண்டும். சூரையைக் கிரந்தியென்று ஒதுக்கிய முன்னோரின் பட்டறிவிலே இப்படியோர் உண்மை மறைந்திருந்ததோ என்று எண்ண இடமுண்டு. ஆயினும் புதிய மீனை உண்ணக்கூடிய ஒருவர், பழுதுபட்ட மீனால் ஒருமுறை துன்புற்றதற்காக ஆயுள் முழுவதும் மீனின்றி இருப்பது வீணான இழப்பு.

பாலிலும் இத்தகைய மயக்கம் உண்டு. பால் குடித்தால் வயிறு ஊதிப் பேதியாகும் பெரியவர் பலருக்குக் குறை, பாற் சர்க்கரையைச் சமிக்கச் செய்யும் நொதியம் குறைந்திருப்பதே. அவர்களுட் பலர் தயிரை இடையூறின்றி உண்ணலாம். பாற் புரதத்துக்கே ஒவ்வாமையுள்ள பிள்ளைக்கோ தயிரும் மோரும் பால்மாவும் பாற்கட்டியும் யாவும் ஆகா. பசுப்பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆட்டுப்பால் கொடுக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்திலே நெடுங்காலமாக உண்டு. இப்பிள்ளைகளுக்கு அது உதவாது. இரு பால்களின் புரதங்களும் நெருங்கிய உறவின ஆதலால், பசுப்பால் ஒவ்வாத பிள்ளைகளுட் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது. சிலருக்கு மாட்டிறைச்சியும் ஆகாது போகும். தேங்காய்ப் பாலோ பெயரிலே மட்டும் பால். கொழுப்பு அதில் நிறைய உண்டு, புரதம் சிறிதே. பிள்ளையின் பாற்கோப்பையில் அதை ஊற்றுவதால் வளர்ச்சி வராது. முலைப்பால் குடிக்கும் குழந்தையாயின் முலைப்பாலைத் தொடர்ந்து கொடுப்பதே முறை. அது போதாவிடத்து, புரதத்தை முன்னரே நுண்ணிதாகச் சிதைத்துச் செய்த சிறப்புப் பால்மா உண்டு, விலை மிகுந்தது, வைத்தியர் சொன்னால் மட்டும் வாங்க வேண்டியது. ஆறு மாதம் கடந்த குழந்தைகளுக்குச் சோயாவாற் செய்த மாவும் பயன்படும். ஆயினும் சோயாவும் ஒவ்வாத குழந்தைகள் சிலர் இருக்கிறார்கள்.

கச்சான் ஒரு தனிக் கதை. அது நிலத்தினடியில் விளையும் அவரையினம், மரமுந்திரிகைக்கு உறவினதன்று, பயற்றுக்கும் உழுந்துக்கும் உறவினது. அதனால் கச்சான் ஒவ்வாதவருக்கு எல்லாத் தானியப் பருப்புகளையும் தடுத்துவிடுவோர் உளர். உண்மையில் அவர்களுட் பெரும்பாலோர் பயறு, உழுந்து, துவரை, மைசூர்ப் பருப்பு ஆகியவற்றைத் தடையின்றி உண்கின்றனர். மேல்நாட்டிலே நிகழ்ந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம், ஒவ்வாமை வரக்கூடிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மூன்று வயதுவரை கச்சான் கொடுக்க வேண்டாமென்று அறிவுறுத்தியது. 2008இல் அவ்வறிவுரையைக் கைவிட்டது. பின்னர், இங்கிலாந்திலே நிகழ்ந்து 2015இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, கடும் தோலழற்சியோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளை இரு கூறாக்கிப் பார்த்தது. நான்கு முதல் பதினொரு மாதத்துக்குள் கச்சானுணவு தொடங்கியவர்களுள் ஐந்து வயதில் ஒவ்வாமை கண்டவர் 100க்கு 3 பேர். விலக்கி வைக்கப்பட்டவர்களுள் 17 பேர். காப்பதற்காக மறுத்ததே நோயை வளர்த்திருக்கின்றது! இதைக் கேட்டு எவரும் கைக்குழந்தைக்கு முழுக் கச்சானைக் கொடுத்துவிடலாகாது. அது தொண்டையில் அடைக்கும். அரைத்து மாவாக்கிக் கஞ்சியிற் கலந்து கொடுப்பதே வழி. கடும் தோலழற்சி உள்ள குழந்தையானால் வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

விலக்க வேண்டியதை விலக்கிய பின்னர், அந்த இடம் வெறுமையாக இருக்கலாகாது. இலங்கைச் சமையலறையிலே அதற்கு வேண்டியவை பெரும்பாலும் இருக்கின்றன. பயறு, உழுந்து, கௌபி, மைசூர்ப் பருப்பு ஆகியவற்றில் 100 கிராமுக்கு 23 முதல் 25 கிராம்வரை புரதம் உண்டு. கடலையில் 20 கிராமளவில் உண்டு. நிறைக்கு நிறை பார்த்தால் இவை பச்சை மீனினும் தாழ்ந்தனவல்ல. ஆனால் வேகும்போது நீரை உறிஞ்சி இரண்டு மூன்று மடங்காகிவிடுவதால், பருப்புக் கறி கெட்டியாக இருக்க வேண்டும். விருந்தாளி வந்தால் நீர் சேர்த்துப் பெருக்கும் பருப்பிலே புரதக் கணக்குப் பொய்த்துவிடும். அரிசிப் புரதத்திற் குறைவாயுள்ளது இலைசின் என்னும் அமினோ அமிலம். பருப்பு வகையில் அது நிறைய உண்டு. பருப்பிற் குறைவாயுள்ள மெதியோனின் அரிசியில் உண்டு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை ஒன்று தீர்க்கின்றது. தோசையும் இட்டலியும் பயறு போட்ட புக்கையும் பிட்டும் கடலைக் கறியும் இந்தச் சேர்க்கையே. எந்த விஞ்ஞானியும் சொல்லிக் கொடுக்காமலே எம்மவர் இதனைக் கண்டுகொண்டனர். ஒரே கவளத்திற் சேர வேண்டுமென்பதில்லை. ஒரே நாளிற் சேர்ந்தாற் போதும்.

மீனும் இறாலும் இரண்டுமே ஒவ்வாத பெண்ணொருவர் 250 கிராம் அரிசி, 60 கிராம் பருப்பு, 50 கிராம் பயறு, ஒரு முட்டை என்பவற்றை ஒரு நாளிற் பகிர்ந்து உண்டால், ஏறத்தாழ 50 கிராம் புரதம் கிடைத்துவிடுகின்றது. முட்டை ஆகாதவர் கோழியிறைச்சியிலோ கௌபியிலோ அதை ஈடுசெய்யலாம். கடையில் விற்கும் சோயாமீற்றின் உலர்ந்த நிறையில் ஏறக்குறைய பாதி புரதம். ஆனால் அதிலே சில வேளை கோதுமை கலந்திருக்கும். பொதியின் பின்புறத்தைப் படியாமல் வாங்கலாகாது. சைவ உணவினருக்குப் பாலும் ஒவ்வாது போனால் நிலைமை சற்றுக் கடினமானது. புரதத்தைப் பருப்பிலே பெறலாம். விற்றமின் பி12 தாவர உணவிலே கிடையாது. அதை மாத்திரையாகவோ ஊசியாகவோ வைத்தியர் தருவார். கல்சியத்துக்குக் குரக்கனும் எள்ளும் முருங்கையிலையும் உண்டு.

மறைந்திருக்கும் உணவுகளே பெரிய கண்ணி. சீனிச் சம்பலிலும் கட்டச் சம்பலிலும் மாசி இருக்கும். மீன் ஒவ்வாதவர் அதைச் சம்பலென்றே எண்ணி உண்டுவிடுவர். ஒடியற் கூழில் மீனும் இறாலும் நண்டும் ஒன்றாய்க் கரைந்திருக்கும். இறாலை எடுத்துப் போட்டுவிட்டுக் குடிக்கிறேன் என்பது நடவாது. காலிமுகத்திடலில் இறால் வடை பொரித்த எண்ணெயிலே பருப்பு வடையும் பொரிபடலாம். பணிசின் மினுக்கம் பெரும்பாலும் முட்டைப் பூச்சு. வீட்டிலிடித்த சத்துமாவிலே கச்சானும் எள்ளும் சேர்ந்திருக்கும். 1973ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட திரிபோஷாவிலே சோளத்தோடு சோயாவும் பால்மாவும் உண்டு. பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் பெரும் நன்மை செய்த உணவு அது. ஆயினும் பாலோ சோயாவோ ஒவ்வாத பிள்ளைக்கு அதைக் கொடுக்குமுன் கிளினிக்கிலே சொல்லிவிட வேண்டும். கோயில் அன்னதானத்திலும் கலியாண வீட்டிலும் "இதில் என்ன போட்டீர்கள்?" என்று கேட்பது மரியாதைக் குறைவென்று தாய்மார் கூசுகின்றனர். கேட்டேயாக வேண்டும்.

ஏனெனில், ஒவ்வாமை தடிப்போடு நின்றுவிடும் என்பதற்கு உறுதியில்லை. உணவு உண்ட சிறிது நேரத்தில் உதடும் நாவும் வீங்கிக் குரல் மாறினாலோ, மூச்சு இழுத்தாலோ, மயக்கம் வந்தாலோ உயிருக்கு ஆபத்து. அவ்வேளையில் வேண்டிய மருந்து தொடைத் தசையில் ஏற்றும் அதிரினலின் ஒன்றே. தடிப்புக்குக் கொடுக்கும் குளிசை அதற்கு ஈடாகாது; தேசிக்காய்ச் சாறும் மோரும் நேரத்தை வீணாக்கும். நோயாளியை எழுப்பி நடக்க வைக்காமல் படுக்கவைத்து, மூச்சு முட்டினால் சாய்ந்திருக்கச் செய்து, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து, நோயாளர் காவு வண்டியில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒவ்வாமை எதற்கென்று முடிவுசெய்வதிலும் அவசரம் கூடாது. தோலிலே குத்திப் பார்க்கும் பரிசோதனையும் குருதிப் பரிசோதனையும் உதவுவன. ஆனால் அவை காட்டுவது, உடலில் அப்பிறபொருளெதிரி உண்டு என்பதையே. அவ்வெதிரி இருந்தும் அவ்வுணவை நலமாக உண்போர் பலர் உளர். பரிசோதனைத் தாளில் ஏழெட்டு உணவு குறிக்கப்பட்டிருப்பதைக் கண்டு, அதுவரை பிள்ளை சுகமாக உண்டுவந்த உணவுகளையும் நிறுத்திவிடுவது பெருந்தவறு. என்ன உண்டது, எவ்வளவு நேரத்தில் என்ன நேர்ந்தது, மறுமுறை உண்டபோதும் அவ்வாறே நேர்ந்ததா என்பவற்றைத் தாய் ஒரு கொப்பியில் எழுதி வைத்துக் காட்டினால், அந்தத் தாளினும் அது வைத்தியருக்குப் பயன்படும்.

கச்சான், மீன், இறால் ஆகியவற்றின் ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தொடரும். பாலும் முட்டையும் அவ்வாறல்ல. வளர வளர மிகப் பல பிள்ளைகளுக்கு அது தானே நீங்கிவிடும். பச்சை முட்டை ஆகாத பிள்ளைகளுள்ளும் பலர், மாவோடு கலந்து நெடுநேரம் சுட்ட கேக்கிலுள்ள முட்டையைத் தாங்கிக்கொள்கின்றனர். ஆகவே இரண்டு வயதில் விதித்த தடையைப் பத்து வயதிலும் கேள்வியின்றிக் காத்துக்கொண்டிருப்பதிற் பொருளில்லை. ஆண்டுக்கொருமுறையேனும் வைத்தியரிடம் காட்டி, நீக்கலாமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நீக்கிப் பார்க்கும் சோதனையை வீட்டுக் குசினியிலே செய்யலாகாது. வைத்தியசாலையிலே, அதிரினலினை எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கரண்டியின் சிறு பங்கிலிருந்து தொடங்கி, இடைவிட்டு இடைவிட்டு அளவைக் கூட்டி, முழுக் கோப்பைப் பாலையும் பிள்ளை குடித்து முடித்த பின்னரும் சில மணி நேரம் அருகிருந்து பார்த்தே வீட்டுக்கு அனுப்புவர்.